ராஜினாமாவில் தொடங்கும் காதல்: கொரிய முதலாளி–ஊழியர் தொடர்களில் எது தேறும், எது தேறாது

'வாட்ஸ் ராங் வித் செக்ரட்டரி கிம்' தொடரின் கொரியத் தலைப்பை அப்படியே தமிழில் வைத்தால் "கிம் செயலர் ஏன் இப்படிச் செய்கிறாள்?" என்று வரும். கேட்பது முதலாளி. ஒன்பது வருஷம் கூடவே இருந்த செயலர் ஒரு நாள் சிரித்த முகத்தோடு வேலையை விடப் போவதாகச் சொல்கிறாள். அவனுக்கு அது புரியவே இல்லை. பதவி உயர்வு தருகிறேன் என்கிறான், குடும்பக் கடனை அடைக்கிறேன் என்கிறான், எதுவும் எடுபடாமல் போகக் கடைசியில் கல்யாணமே செய்துகொள்கிறேன் என்கிறான். அவள் எதற்கும் மசியவில்லை. முதலாளிக்கும் ஊழியருக்கும் காதல் வரும் கொரியத் தொடர்களில் இதை இன்னமும் அளவுகோலாக வைத்துப் பேசுவதற்கு இந்தத் தொடக்கம் ஒன்றே போதும். காதல் வருவதற்கு முன்பே, வேலையை விடும் உரிமை அவள் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த வகைத் தொடர்களை எடை போட வேண்டிய இடமும் அதுதான். முத்தம் எந்த எபிசோடில், ஹீரோ எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் பிறகு. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். காதல் கசந்தால் யாருடைய நாற்காலி போகும்? இதற்குக் கதை ஏதாவது ஒரு பதில் வைத்திருந்தால் 16 எபிசோடும் தாங்கும். பதில் இல்லாவிட்டால் பாதியிலேயே சரக்கு தீர்ந்துவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் பழைய விபத்து, காணாமல் போன அம்மா, வெளிநாட்டுப் பயணம்.

செக்ரட்டரி கிம்மை முதலில் பார்த்துவிடுவோம். டிவிஎன் சேனலில் 2018 ஜூன் 6 முதல் ஜூலை 26 வரை, புதன்–வியாழனில் ஓடிய 16 எபிசோடுகள். பார்க் சியோ-ஜூன் துணைத் தலைவர் லீ யங்-ஜூனாகவும், பார்க் மின்-யங் கிம் மி-சோவாகவும் நடித்தார்கள். இணைய நாவலாக வந்து, வெப்டூன் என்ற இணையச் சித்திரக்கதையாகி, பிறகு தொடரான கதை. 'மிசோ' என்றால் கொரிய மொழியில் புன்னகை. அந்தப் பெயரை எழுத்தாளர் சும்மா வைக்கவில்லை. அந்தப் புன்னகைதான் அவளுடைய வேலைக் கருவி. அப்பா வைத்த கடனையும் இரண்டு அக்காக்களின் மருத்துவப் படிப்புச் செலவையும் தலையில் சுமந்துகொண்டு, கல்லூரிக்குப் போகாமல் வேலைக்கு வந்தவள். கடன் அடைந்துவிட்டது, இனி எனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்பதுதான் ராஜினாமாவுக்குக் காரணம். காதல் தோல்வி கிடையாது, முதலாளி கொடுமையும் கிடையாது. காரணம் இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் நம்பும்படி இருக்கிறது.

முதல் சில எபிசோடுகளில் பலரும் கவனிக்காமல் விடுவது, வேலையை ஒப்படைக்கும் படலம். புதிதாக வரும் செயலர் கிம் ஜி-ஆவுக்கு மி-சோ சொல்லித்தரும் ஒவ்வொன்றும் இந்த வேலையின் உண்மையான பாரத்தைக் காட்டுகிறது. முதலாளிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்ற நீளமான பட்டியல், விருந்துகளில் யார் யார் என்று காதோரம் சொல்ல வேண்டிய விவரம், காலையில் டை கட்டிவிடுவது வரை. அந்த டை கட்டும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் இருவருக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வசனமில்லாமல் காட்டும் அளவுகோல் அது. இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. கொரியாவில் 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் வாரத்துக்கு 52 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 ஜூலை 1-ல். தொடர் பாதி ஓடிக்கொண்டிருந்த நேரம். நடுராத்திரியில் போன் வந்தாலும் எடுத்தாக வேண்டிய ஒரு பெண்ணின் கதையை அந்தக் கோடையில் பார்த்த கொரிய அலுவலக ஊழியர்களுக்கு அது வெறும் காதல் கதையாக மட்டும் பட்டிருக்காது.

குறை எங்கே என்றால், நடுவில். ஏறக்குறைய 5-வது எபிசோடிலிருந்து சிறுவயதில் நடந்த ஒரு சம்பவம் உள்ளே வருகிறது, முதலாளியின் அண்ணன் வருகிறான், யார் யாரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்ற புதிர் தொடங்குகிறது. நடிப்பில் குறையில்லை. ஆனால் கதையின் விசை அலுவலகத்திலிருந்து கழன்று போகிறது. அண்ணன் வரும் காட்சிகளை வேகமாகத் தள்ளிவிட்டாலும் எதுவும் விட்டுப்போகாது. முடிச்சு 11, 12-வது எபிசோடுகளுக்குள் அவிழ்ந்துவிடும். அதன் பிறகு வருவது கிட்டத்தட்ட தேன்நிலவு. அதையும் மீறிப் பிடித்து வைப்பவர்கள் பக்கத்து மேசைக்காரர்கள்: ஒரே கோட்டு சூட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சிக்கனமாக வாழும் கோ க்வி-நாம், விவாகரத்தான நண்பராக வந்து முதலாளிக்கே காதல் பாடம் எடுக்கும் பார்க் யூ-சிக். இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். பணக்கார மாமியார் கவரில் பணத்தை வைத்து "என் மகனை விட்டுப் போ" என்று நீட்டும் காட்சி இந்த வகையில் தேய்ந்து போன ஒன்று. இங்கே முதலாளியின் அம்மாவே மி-சோவை மருமகளாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறார். அந்த ஒரு மாற்றத்தால் மூன்று எபிசோடு அழுகை மிச்சம்.

ஆனால் நாற்காலிக் கேள்விக்கு இந்தத் தொடர் கொடுக்கும் பதில் பாதிதான் திருப்தி. மி-சோ ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதே மேசைக்கே வருகிறாள். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளே கண்டுகொள்வதாகக் கதை சொல்கிறது. அவ்வளவு நுட்பமாகத் தொடங்கிய ஒரு கேள்விக்கு இன்னும் நல்ல விடை கிடைத்திருக்கலாம்.

இனி பதவிப் பெயர்கள். இவை பிடிபடாவிட்டால் பாதிச் சுவை போய்விடும். கொரிய அலுவலகத்தில் மேலதிகாரியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. பதவியோடு 'நிம்' சேர்த்துத்தான். டீம்ஜாங்-நிம் என்றால் குழுத் தலைவர். சில்ஜாங்-நிம், பொன்பூஜாங்-நிம் எல்லாம் துறைத் தலைவர்கள். தேப்யோ-நிம் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி, ஹ்வேஜாங்-நிம் குழுமத் தலைவர், பெரும்பாலும் ஹீரோவின் அப்பா அல்லது தாத்தா. செயலர் 'பீசோ'. 2000-களின் தொடர்களில் பணக்கார ஹீரோ பெரும்பாலும் சில்ஜாங்-நிம் என்ற பதவியோடே வந்ததால், அந்தச் சொல்லே கொரிய ரசிகர்களிடம் 'பணக்காரக் கதாநாயகன்' என்பதற்கு மறுபெயரானது. குடும்பச் செல்வாக்கால் மேலிருந்து வந்து இறங்கும் அதிகாரிக்கு அங்கே 'பாராசூட்' என்று பெயர். ஹீரோ பாராசூட்டா, படிப்படியாக ஏறியவரா என்று முதல் எபிசோடிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாராசூட் ஹீரோ என்றால் பிற்பாதியில் குடும்பச் சண்டை நிச்சயம்.

பேச்சு மரியாதை அடுத்தது. கொரிய மொழியில் மரியாதை வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. 'சும்னிதா', 'இம்னிதா' என்று முடிந்தால் அலுவலக மரியாதை. 'யோ' என்று முடிந்தால் இயல்பான மரியாதை. இரண்டும் இல்லாமல் வெட்டினாற்போல் முடிந்தால் பன்மால், நம் 'நீ' போல. செக்ரட்டரி கிம்மில் அவன் பன்மாலில் பேசுகிறான், அவள் 'சும்னிதா'வில் பதில் சொல்கிறாள். காதல் உறுதியான பிறகும் அவள் வாயில் 'பூஹ்வேஜாங்-நிம்' (துணைத் தலைவர்) என்ற பதவிப் பெயர் வெகுநாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் இது முழுக்கக் காணாமல் போகும், ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் ஒரே சொல்தான். தமிழுக்கு அந்தக் குறை இல்லை. நீங்கள், நீ, வாங்க, வா என்ற வேறுபாட்டை நல்ல தமிழ் டப்பிங் அப்படியே பிடித்துவிட முடியும். டப்பிங் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: ஹீரோயின் எந்தக் காட்சியில் 'நீங்க'விலிருந்து இறங்குகிறாள் என்று கவனியுங்கள். முதல் எபிசோடிலிருந்தே இருவரும் ஒரே மாதிரிப் பேசிக்கொண்டிருந்தால் அந்த டப்பிங்கை விட்டுவிட்டு, கொரிய ஒலியோடு வாலைக் காதில் வாங்கிக்கொண்டு சப்டைட்டிலில் பார்ப்பதே மேல்.

இதே காரணத்தால்தான் இந்தத் தொடர்களில் ஹ்வேசிக், அதாவது அலுவலகக் குழு விருந்து, தவறாமல் வருகிறது. பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்றுவது, அவர் முன்னால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு குடிப்பது என்று பதவி வரிசை அங்கேயும் உட்கார்ந்திருக்கும். பிறகு 'யாஜா டைம்' என்று ஒரு விளையாட்டு தொடங்கும். குறித்த நேரத்துக்குக் கீழே உள்ளவர்கள் மேலதிகாரியிடம் பன்மாலில் பேசலாம். பகலில் சொல்ல முடியாததை ஹீரோயின் சொல்லிவிடும் இடம் இது. போதைக் காட்சி நகைச்சுவைக்காக மட்டும் வைக்கப்பட்டதாக நினைக்க வேண்டாம். வரிசை குலையும் ஒரே சந்தர்ப்பம் என்பதால் கதைக்கு அது தேவைப்படுகிறது.

'பிசினஸ் புரொபோசல்' எஸ்பிஎஸ் சேனலில் 2022 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 5 வரை வந்தது. 12 எபிசோடுதான், அதுவே அதன் பெரிய பலம். கொரியத் தலைப்பு 'சானே மாட்சொன்': 'சானே' என்றால் நிறுவனத்துக்குள், 'மாட்சொன்' என்றால் கல்யாணத்துக்காகப் பெரியவர்கள் ஏற்பாடு செய்யும் முதல் சந்திப்பு. பெண் பார்க்கும் படலத்துக்குத் தோழிக்குப் பதிலாக வேஷம் போட்டுப் போகிறாள் ஷின் ஹா-ரி. எதிரே உட்கார்ந்திருப்பவர் அவள் வேலை செய்யும் உணவு நிறுவனத்தின் தலைவர் காங் டே-மூ. கிம் சே-ஜொங் இதில் செய்திருக்கும் உடல்மொழி நகைச்சுவை இந்த வகையிலேயே சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஆன் ஹ்யோ-சொப் விறைப்பாக நின்றே அதற்கு ஈடுகொடுக்கிறார். ஆள்மாறாட்ட ரகசியத்தைக் கடைசிவரை இழுக்காமல், பாதியை எட்டும் முன்பே உடைத்துவிட்டதுதான் எழுத்தின் கெட்டிக்காரத்தனம். அதன் பிறகு அவனுக்கு எல்லாம் தெரியும், தெரியும் என்று அவளுக்குத் தெரியாது, அப்புறம் அதுவும் தெரியும் என்று படிப்படியாக நகர்கிறது.

ஹா-ரி உணவு ஆய்வுப் பிரிவில் இருப்பது கதைக்கு உதவியிருக்கிறது. முதலாளி சுவை பார்த்துக் கருத்துச் சொல்லும் காட்சிகள் வேலையாகவும் இருக்கின்றன, காதலாகவும் இருக்கின்றன. இந்த வகைத் தொடர்களில் ஹீரோயினுக்கு என்ன வேலை என்று கேட்டால் பாதியில் பதிலே இருக்காது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் ஓடுவாள், அவ்வளவுதான். இரண்டாவது ஜோடியும் நல்ல தேர்வு. அங்கே பெண் பணக்காரக் குடும்பத்து மகள், ஆண் செயலர். ஒரே தொடரில் தராசின் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. கிம் மின்-க்யுவும் சொல் இன்-ஆவும் வரும் காட்சிகளுக்காகவே தொடரைத் திரும்பப் பார்ப்பவர்கள் உண்டு. தாத்தா காங் டா-கூவாக வரும் லீ டொக்-ஹ்வா தினசரி நாடகப் பைத்தியம். அவர் பார்க்கும் கற்பனை நாடகம் கதையோடு இணைந்தே ஓடுகிறது. குறை என்று பார்த்தால் மழையைக் கண்டால் ஹீரோ உறைந்துபோகும் பழைய விபத்துக் கதை, கடைசி எபிசோடில் அவசரமாக வந்து போகும் பிரிவு.

அந்தக் கடைசி நேரப் பிரிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும். கொரியத் தொடர் வாரத்துக்கு இரண்டு எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 முதல் 70 நிமிஷம், எட்டு வாரம். வழக்கமான அடுக்கு இப்படிப் போகும்: இரண்டாவது எபிசோடுக்குள் இருவரும் ஒரே கூரைக்குள் வந்தாக வேண்டும், எட்டாவதை ஒட்டிக் காதல் உறுதியாகும், 12-ல் ரகசியம் வெளியே வரும், 14, 15-ல் பிரிவார்கள், 16-ல் "ஒரு வருஷம் கழித்து" என்ற எழுத்து வரும். இணைய நாவலில் இருவரின் மன ஓட்டமே பக்கம் பக்கமாகப் போகும். திரையில் அதைக் காட்ட முடியாது. ஆகவே 16 மணி நேரத்தை நிரப்ப வெளியிலிருந்து சம்பவம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரே தாயின் பிள்ளைகள் போல எல்லாத் தொடரிலும் சிறுவயது அதிர்ச்சி ஒன்று முளைக்கிறது. 12 எபிசோடு தொடர்கள் இந்த வியாதியிலிருந்து ஓரளவு தப்பிக்கின்றன.

விளம்பரப் பொருட்கள் கதைக்குள் நுழைவதும் இப்படித்தான். நிகழ்ச்சிக்குள்ளேயே பொருளைக் காட்டிக் காசு வாங்குவது கொரிய ஒளிபரப்புச் சட்டத்தில் 2010-ல் அனுமதிக்கப்பட்டது. சப்வே சாண்ட்விச் கடை பல தொடர்களில் தலைகாட்டும் ரகசியம் இதுதான். ஹீரோ பரிசாகக் கொடுக்கும் நகை, ஊழியர்கள் உட்காரும் காபிக் கடை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். காட்சி திடீரென்று நின்று யாராவது ஒரு பொருளின் வசதியை விளக்கினால், பத்து விநாடி தள்ளிவிடலாம்.

'கிங் தி லேண்ட்' இதற்கெல்லாம் ஒரே இடத்தில் உதாரணம். ஜேடிபிசியில் 2023 ஜூன் 17 முதல் ஆகஸ்ட் 6 வரை 16 எபிசோடுகள். லீ ஜுன்-ஹோ ஹோட்டல் வாரிசு கு வோன். இம் யூன்-ஆ ஹோட்டல் ஊழியர் சொன் சா-ராங். இரண்டு வருஷப் பட்டயப் படிப்புதானே என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டு, ஒரு மாதப் பயிற்சி ஊழியராக உள்ளே நுழைந்து, சிறந்த ஊழியராக உயர்ந்தவள். போலிச் சிரிப்பைக் கண்டாலே ஆகாத முதலாளி, சிரிப்பதையே வேலையாகக் கொண்ட ஊழியர் என்ற முரண் அருமையானது. முதல் ஆறு எபிசோடுகள் அதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. பிறகு சிரிப்புக் கேள்வியை மறந்துவிட்டுத் தொடர் அழகான இடங்களைச் சுற்றிக்காட்டப் போய்விடுகிறது. தாய்லாந்துப் பயணம் கண்ணுக்கு விருந்து, கதைக்கு ஒன்றுமில்லை. 7, 8-வது எபிசோடுகளில் வரும் அரபு இளவரசர் பாத்திரம் ஒரு பண்பாட்டையே கொச்சைப்படுத்துவதாகக் கண்டனம் எழுந்து, தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கண்டனம் நியாயமானதே.

இந்தத் தொடரில் உண்மையான உழைப்புக் கதை முன்னணி ஜோடியிடம் இல்லை. சா-ராங்கின் இரண்டு தோழிகளிடம் இருக்கிறது. விமானப் பணிப்பெண் ப்யொங்-ஹ்வாவுக்குப் பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போகிறது. டா-உல் வரியில்லாக் கடையில் விற்பனை இலக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மாமியார் வீட்டுச் சமையலையும் செய்கிறாள். மூவரும் ஒரே அறையில் காலை நீட்டி உட்கார்ந்து பேசும் காட்சிகளில் ஒரு சோர்வும் ஈரமும் இருக்கின்றன. ஹோட்டல் மாடிக் காதல் காட்சிகளில் அது கிடைப்பதில்லை. முடிவில் சா-ராங் அந்த ஹோட்டலை விட்டு வெளியேறி, சொந்தமாக ஒரு சின்ன ஹோட்டல் தொடங்குகிறாள். நாற்காலிக் கேள்விக்கு இது செக்ரட்டரி கிம்மைவிட நேர்மையான பதில். அந்த முடிவை எடுக்க அவளுக்கு 15 எபிசோடு தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

பெண் மேலதிகாரி, ஆண் ஊழியர் என்று திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? இரண்டு தொடர்கள் இதை முயன்றிருக்கின்றன. 2022-ல் ஜேடிபிசியில் வந்த 'ஃபோர்காஸ்டிங் லவ் அண்ட் வெதர்' கொரிய வானிலைத் துறையில் நடக்கிறது. பார்க் மின்-யங் இங்கே குழுத் தலைவர், சோங் காங் அவருக்குக் கீழே வேலை செய்யும் முன்கணிப்பாளர். ஒவ்வொரு எபிசோடுக்கும் வானிலைச் சொல் ஒன்று தலைப்பாக வரும். மழை எச்சரிக்கை விடுவதா வேண்டாமா என்று குழு விவாதிக்கும் காட்சிகளில் இருக்கும் பதைப்பு உண்மையானது: விட்டு மழை வராவிட்டாலும் திட்டு, விடாமல் வந்துவிட்டாலும் திட்டு. கீழே உள்ளவனின் கணிப்பைக் காதலியாக நம்புவதா, அதிகாரியாகச் சந்தேகிப்பதா என்ற இடத்தில் தொடர் மிகவும் நன்றாக நிற்கிறது. கெடுப்பது இருவரின் முன்னாள் காதலர்கள். அந்த இருவரும் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டு அதே அலுவலகத்தைச் சுற்றியே வருகிறார்கள்; அவர்கள் வீட்டுச் சண்டை ஏறக்குறைய கால் பங்கு நேரத்தைத் தின்றுவிடுகிறது. அரசு அலுவலகத்தின் தாள், கையெழுத்து, இரவுப் பணி இதெல்லாம் பிடித்தவர்கள் மட்டும் எடுக்கலாம்.

இரண்டாவது, எஸ்பிஎஸ்-ல் 2025 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 14 வரை வந்த 'லவ் ஸ்கவுட்'. இதுவும் 12 எபிசோடு. கொரியத் தலைப்பின் பொருள் 'என் குறையற்ற செயலர்'. ஹான் ஜி-மின் ஆள்தேர்வு நிறுவனத்தின் தலைவர் காங் ஜி-யுன். லீ ஜுன்-ஹ்யொக் அவருடைய செயலர் யூ உன்-ஹோ. உன்-ஹோ ஒரு சின்னப் பெண்ணைத் தனியாக வளர்க்கும் அப்பா. முந்தைய நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருந்தவர். குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுத்ததிலிருந்து அங்கே அவருடைய நிலை சரியத் தொடங்குகிறது. கொரியச் சட்டம் தந்தைக்கும் அந்த விடுப்பைத் தருகிறது, ஆனால் எடுத்த ஆணை நிறுவனம் எப்படிப் பார்க்கிறது என்பதை இந்தத் தொடர் சத்தமில்லாமல் காட்டுகிறது.

இங்கே செயலர் வேலை என்பது ஒருவருடைய நாளை ஒழுங்குபடுத்தும் திறமையாகவே வருகிறது. சாப்பிட மறக்கும் தலைவருக்கு எப்போது உணவு, எந்தச் சந்திப்புக்கு முன் எந்தக் குறிப்பு, மேசையில் எது எந்தப் பக்கம் என்பதெல்லாம் உன்-ஹோவின் கையில் அன்பாகவும் தொழிலாகவும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. பெண் செயலர் இதையே செய்யும்போது 'இயல்பு' என்று கடந்துபோகும் நம் கண், ஆண் செய்யும்போதுதான் இது எவ்வளவு உழைப்பு என்று நின்று பார்க்கிறது. அந்த வெளிச்சத்தில் செக்ரட்டரி கிம்மைத் திரும்பப் பார்த்தால் மி-சோவின் ஒன்பது வருஷம் இன்னும் கனமாகத் தெரியும். ஆள்தேர்வு நிறுவனம் என்பதால் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் வேலை மாறலாமா என்று தவிக்கும் கிளைக்கதை வருகிறது, அவையும் வலுவானவை. இதிலும் பழைய தீ விபத்து ஒன்று இருவரையும் சிறுவயதில் இணைத்துவிடுகிறது. அது இல்லாமலேயே தொடர் நின்றிருக்கும். ஆனாலும் இந்த வகையில் முதலிடம் கொடுக்க வேண்டுமென்றால் இதற்குத்தான்.

பழையவற்றில் 2005-ல் எம்பிசியில் வந்த 'மை லவ்லி சாம் சூன்' தவிர்க்க முடியாதது. கடைசி எபிசோடு கொரியாவில் 50 சதவீதப் பார்வையாளர் அளவைத் தாண்டியது. கிம் சன்-ஆ கேக் செய்யும் சமையல் கலைஞர், ஹ்யுன் பின் உணவக முதலாளி. வீடு ஏலத்துக்குப் போகாமல் தடுக்க அவள் அவனிடம் 5 கோடி வோன் வாங்குகிறாள். பதிலுக்குக் காதலியாக நடிக்க ஒப்பந்தம். பணத்தை இவ்வளவு வெளிப்படையாக மேசையில் வைத்த தொடர் அதற்குப் பிறகும் அதிகம் வரவில்லை. சாம் சூனின் கோபம், பசி, வயது பற்றிய கவலை எல்லாம் இன்றும் பழசாகவில்லை. பழசானது முதலாளியின் நடத்தை: கையைப் பிடித்து இழுப்பது, சுவரோடு நிறுத்திக் கத்துவது. 2024-ல் இயக்குநரே இதை எட்டு எபிசோடாகச் சுருக்கித் திரும்ப வெளியிட்டார். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அந்தச் சுருக்கப் பதிப்பு போதும். முடிவில் கல்யாணம் இல்லை. மாமியார் இன்னும் சம்மதிக்கவில்லை. சாம் சூன் தன் அக்காவோடு சொந்தத் தொழில் தொடங்கிவிட்டாள்.

2007-ன் 'காபி பிரின்ஸ்' 17 எபிசோடு. ஆண் வேஷத்தில் வேலைக்குச் சேரும் பெண், அவளை ஆண் என்றே நம்பிக் காதலில் தடுமாறும் காபிக் கடை முதலாளி. கோங் யூவும் யூன் உன்-ஹேயும் நடித்ததை இன்றைக்கும் மிஞ்ச ஆளில்லை. இங்கேயும் ஹீரோயின் காபித் தொழில் படிக்க இத்தாலிக்குப் போய் வருகிறாள். 2011-ன் 'ப்ரொடெக்ட் தி பாஸ்' 18 எபிசோடு. கூட்டத்தைக் கண்டால் பயந்து நடுங்கும் வாரிசு, வேலை கிடைக்காமல் அலைந்து செயலராக வரும் பெண். வேலை தேடும் பகுதி நன்றாக இருக்கும், பங்குச் சண்டை இழுவை.

பழசுக்கும் புதுசுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. 2018 ஜனவரியில் ஒரு பெண் அரசு வழக்கறிஞர் தன் மேலதிகாரியின் பாலியல் அத்துமீறலைத் தொலைக்காட்சியில் சொன்னார்; கொரியாவில் மீ டூ அலை எழுந்தது. 2019 ஜூலை 16 முதல் பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வந்த தொடர்களில் முதலாளி கதவருகே நின்று அனுமதி கேட்கிறான். மாட்டேன் என்றால் பின்வாங்குகிறான். வேலை நேரத்தில் தனிப்பட்ட வேலை சொல்வது 'காப்ஜில்', அதாவது அதிகாரத் திமிர், என்று பாத்திரங்களே பெயர் சொல்லிக் கண்டிக்கின்றன. எந்தத் தொடரை எடுத்தாலும் வந்த ஆண்டை முதலில் பார்த்துக்கொள்வது உதவும்.

இன்னும் மூன்றைச் சுருக்கமாக. 'டச் யுவர் ஹார்ட்', 2019: நடிகை ஒருத்தி வேஷத்துக்குப் பயிற்சியாக வழக்கறிஞரிடம் செயலராகச் சேர்கிறாள். முதல் பாதி இனிமை, பிரிவு செயற்கை. 'ஹெர் ப்ரைவேட் லைஃப்', அதே ஆண்டு: அருங்காட்சியகக் காப்பாளரும் புது இயக்குநரும். ரசிகை வாழ்க்கையை மதிப்போடு காட்டியதற்காகவே பார்க்கலாம். 'ரொமான்ஸ் இஸ் எ போனஸ் புக்', அதுவும் 2019: பதிப்பகம். விவாகரத்துக்குப் பின் வேலை கிடைக்காத பெண், படிப்பை மறைத்து உதவியாளராகச் சேர்கிறாள். முதன்மை ஆசிரியர் அவளைவிட இளையவர், பழைய நண்பர். விற்காத புத்தகங்களைக் கூழாக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. புத்தகத் தொழிலோடு தொடர்பு உள்ளவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

எபிசோடு எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் மை செக்ரட்டரி' பட்டியலில் 32 என்று இருக்கும். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான். தரைவழிச் சேனல்கள் நடுவில் விளம்பரம் போட 2021 ஜூலை வரை அனுமதி இல்லாததால், ஒரே எபிசோடை இரண்டாக வெட்டி இடையில் விளம்பரம் போட்டார்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். பாதியில் நிறுத்தினால் கதை மூச்சுமுட்டி நிற்கும்.

இந்த வகைக்குப் புதியவர்கள் 'பிசினஸ் புரொபோசல்' முதல் நான்கு எபிசோடிலிருந்து தொடங்கலாம். சிரிக்க வைக்காவிட்டால் மற்றவையும் ஒத்துவராது. பிடித்தால் 'செக்ரட்டரி கிம்', பிறகு 'லவ் ஸ்கவுட்'. எந்தப் புதுத் தொடராக இருந்தாலும் நான்காவது எபிசோடு முடிந்ததும் ஹீரோயின் காலையிலிருந்து மாலை வரை அலுவலகத்தில் என்ன செய்கிறாள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்; மீதி எபிசோடுகளிலும் அது வராது.